பறியைப் பல்லில் கடித்தவளிடம் கேட்ட கேள்வி

நம் அலுவலகத்தில் பச்சை அட்டை போட்ட பதிவேடு ஒன்று இருக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் கழியில் எந்த இடத்தில் என்ன கிடைக்கிறது, யார் எடுக்கிறார்கள் என்று ஊராரிடம் கேட்டு எழுதியது. அதில் பதினேழாம் பக்கம், நான்காம் வரியில், என் கையெழுத்தில் மூன்று சொற்கள் இருக்கும்: "யாருடைய பயன்பாட்டிலும் இல்லை." அதன் மேல் ஒரு கோடு கிழித்திருப்பேன். கோட்டுக்கு மேலே சிவப்பு மையில் இன்னொரு குறிப்பு: "மட்டம் தாழ்வு. நடவுக்கு ஏற்றதல்ல."

கீழே இருப்பது தவறு. மேலே இருப்பது பொய். இரண்டும் என்னுடையவை. இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அந்தப் பக்கத்தை எப்படியும் புரட்டப் போகிறீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இடம் உங்களுக்குத் தெரியும். காத்திவாக்கத்துக்குப் பின்னால், தண்ணீருக்குள் நிற்கும் மின்கோபுரத்துக்கும் பழைய பாலத்துக்கும் நடுவில், தண்ணீர் வற்றும்போது மட்டும் முதுகைக் காட்டும் சேற்றுத் திட்டு. அதற்கு எதிர்க்கரையில் பதினான்கு இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. அதைப் பறி என்பார்கள். கைகள் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதனால் வேலை நடக்கும்போது அவர்களால் பேச முடியாது. வந்த முதல் வாரமே இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

இந்த வேலைக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் ஒரு மாலைப் பத்திரிகையில் உள்ளூர்ச் செய்தி எழுதினேன். கேட்டால் பதில் வரும், இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது செய்தி. இந்தப் பழக்கத்தை அப்படியே கழிக்கரைக்கும் கொண்டுவந்தேன்.

திட்டம் நல்ல திட்டம்தான். கழியோரம் அலையாத்திக் கன்றுகள் நடுவது. நடவுக் கூலி முழுவதும் இருளர் குடும்பங்களுக்கு. கன்று வளர்ந்தால் மீனும் இறாலும் பெருகும். எங்கே நடுவது என்பதை இருளர்களும் பக்கத்து மீனவர் ஊரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தரப்பையும் ஒரே பாயில் உட்காரவைத்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று யோசிக்கவில்லை.

கூட்டம் மீனவர் ஊரின் வலைக்கொட்டகையில் நடந்தது. ஊர் சார்பில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தேசிங்கு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். எந்த வீட்டு வலை எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கலாம் என்று ஊர் வகுத்த முறைக்குப் பாடு என்று பெயர்; அந்த முறையை மனதில் வைத்திருப்பவர் அவர். இருளர் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். பாயில் உட்காராமல் கொட்டகையின் ஓரத்தில், வெயிலும் நிழலும் பிரியும் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் நாகம்மா மட்டும் என்னிடம் ஓரளவு பேசிப் பழகியவள். நாற்பது வயதுக்காரி. கன்று நடும் குழுவுக்குத் தலைவி என்று நான்தான் அவள் பெயரை எழுதியிருந்தேன்.

தரையில் பெரிய தாளை விரித்து, ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டேன். தேசிங்கு பாடு இடங்களின் பெயரைக் கடகடவென்று சொன்னார். முகத்துவாரத்திலிருந்து பாலம் வரைக்கும் நான்கு பெயர்கள். கோபுரத்துக்கு அப்பால் இரண்டு. நடுவில் இருந்த சேற்றுத் திட்டைத் தொட்டேன்.

"இது யாருடையது? யாராவது இங்கே பிடிக்கிறீங்களா?"

தேசிங்கு பீடியைப் பற்றவைத்தார். "அதுல இன்னா கீது மேடம்? வல போட்டா சேத்துல சிக்கிக்கும். எவனும் போடறதில்ல."

ஓரத்தைப் பார்த்துக் கேட்டேன். "நாகம்மா, நீங்க?"

நாகம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தாள். மற்ற பெண்களும் தரையைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி இருமினாள்.

எழுதினேன்: யாருடைய பயன்பாட்டிலும் இல்லை.

எழுதியது கொஞ்சம் உறுத்தியது. ஒரு தரப்பு சொன்னது, மறுதரப்பு சொல்லவில்லை. பத்திரிகைப் பழக்கம், இரண்டாவது ஆளைப் பிடிக்காமல் விடாது. ஆகவே நான்கு நாள் கழித்து, காலையில், எதிர்க்கரையில் தண்ணீரில் இருந்த நாகம்மாவைத் தேடிப் போனேன். இடுப்பு வரைக்கும் இறங்கி அவள் அருகில் நின்றேன். அவள் பல்லில் பறி. தாடை வரைக்கும் தண்ணீர்.

"நாகம்மா, அந்தத் திட்டுல கன்று வைக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

அவள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை, வேகமாக. நான் நன்றி சொல்லிவிட்டுக் கரையேறினேன். நோட்டில் தேதி போட்டு, நேரம் போட்டு, "சம்மதம்" என்று எழுதினேன்.

நடவு நாளுக்கு முந்தைய மாலைதான் ஒரு மாறுதல் வந்தது. முந்தைய ஆண்டு வேறு இடத்தில் வைத்த கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிட்டதால், இந்த முறை நடவைச் சுற்றி மூங்கில் நட்டு வலை வேலி போட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. தொலைபேசியில் நாகம்மாவின் மகளிடம் சொன்னேன்: மூங்கிலும் வரும், வேலி போட இன்னும் ஐந்து நாள் கூடுதல் கூலி கிடைக்கும். நல்ல செய்தி சொன்ன நிம்மதியில் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு, விம்கோ நகரில் ஷேர் ஆட்டோ பிடித்து, இறங்கி, கரைக்கு நடந்தேன். எட்டு மணிக்கு நடவைப் பார்வையிடும் அதிகாரி வருவார். ஒன்பதரைக்கு மேல் தண்ணீர் ஏற ஆரம்பிக்கும். அதற்குள் முதல் வரிசையாவது நட்டிருக்க வேண்டும். கன்று லாரி வந்து நின்றிருந்தது. டிரைவர் மூங்கில் கட்டின்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வர வேண்டிய பெண்களில் ஒருத்தியும் கரையில் இல்லை.

தண்ணீரைப் பார்த்தேன். சேற்றுத் திட்டின் மேல், நான் யாருக்கும் உரியதல்ல என்று எழுதிய இடத்தில், தலைகள் தெரிந்தன. எண்ணினேன். இருபத்திரண்டு. ஆண்களும் இருந்தார்கள். எல்லோர் பல்லிலும் பறி. யாரும் நிமிரவில்லை. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கையால் சேற்றைத் தடவிக்கொண்டே வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். புதிய இடத்தைத் தேடுகிறவர்கள் அப்படிப் போக மாட்டார்கள். ஒவ்வொருவரும் எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்து திரும்பினார்கள்.

கையைத் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நாகம்மா கால் மணி நேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தாள். பறியை இடுப்புக்கு மாற்றி, வாயிலிருந்த ஓலைத் துணுக்கைத் துப்பினாள்.

"இன்னா மேடம், லாரி வந்துச்சா? தோ, வந்துடறோம். கடசியா ஒரு தபா தடவிட்டு வந்துடறோம்."

"இங்கேதான் பிடிக்கிறீங்களா?"

"வேற எங்க போறது? அந்தாண்ட பூரா பவர் ஹவுஸ் சாம்பலு. கைய வுட்டா சிமெண்டு மாரி கீது, வெரலு எறங்காது. இங்க மட்டுந்தான் சேறு சேறா கீது."

"கூட்டத்துல கேட்டேனே நாகம்மா. யாராவது பிடிக்கிறீங்களான்னு உன்னைப் பார்த்தே கேட்டேன்."

"கேட்ட. யாரு எதிர்ல கேட்ட?" அவள் குரல் உயரவில்லை. "ஊர்க்காரங்க அத்தினி பேரும் குந்திகினு கீறாங்க. நான் எயுந்து இது எங்க எடம்னா இன்னா ஆவும்? எப்பிடி உங்க எடம்னு ஒருத்தன் கேப்பான். பட்டா கீதா, சீட்டு கீதாம்பான். இம்மாம் நாளா எவனும் கேக்கல. கேக்காத வரிக்கும் எங்களுது."

"சரி, தண்ணியில வந்து தனியா கேட்டேனே. நீ தலையாட்டினியே?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள் என்று சொல்ல ஆசை. உண்மையில் எரிச்சலாகத்தான் பார்த்தாள். "வாயில பறி. தொறந்தா அத்தினியும் தண்ணில பூடும். நீ பாட்டுக்கு வந்து சேத்த கலக்கிகினு நிக்கிற. போ போன்னு தலைய ஆட்டனேன். நீ இன்னாடான்னா தேங்க்ஸ் சொல்லிட்டுப் போற."

பின்னால் நின்றிருந்த இன்னொருத்தி சிரித்துவிட்டாள்.

"அப்புறம் ஏன் நடவுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"கூலி வருதே. போன தபா வெச்ச கன்னு பூரா செத்துச்சு. இதுவும் செத்துப்பூடும், அப்பால நம்ம எடம் நமக்குன்னு இருந்தோம். நேத்துதான் வேலி போடறீங்கன்னு சொன்ன. வேலி போட்டா எப்பிடிக்கா உள்ள போறது?"

முதல் தடவையாக என்னை அக்கா என்றாள். அவள் அறியாமல் வந்த சொல் அது. மணி ஏழு ஐந்து.

அதற்குப் பிந்தைய முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். நிற்க முடியவில்லை. லாரிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். நடவை நடத்திவிட்டால் பதினான்கு குடும்பங்களின் கை நுழையும் ஒரே சேற்றை நானே வேலி போட்டு அடைத்தவள் ஆவேன். அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால், அவர் உடனே பதிவேட்டில் எழுதச் சொல்வார். ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள். நாகம்மா பயந்த கேள்வியை அவர்களில் ஒருவன் கேட்பான். ஊர் ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் அதை மாற்ற யாராலும் முடியாது. அன்றைக்கே இறங்க விடாமல் செய்யவும் அவர்களால் முடியும். உரிமையைப் பெற்றுத் தருகிறேன் என்று நான் கிளம்பினால், அவர்களிடம் இருப்பதும் பறிபோகும்.

யாரிடமாவது கேட்கலாம் என்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: நடவைத் தள்ளிப்போடாதே.

அதிகாரி ஏழு ஐம்பதுக்கே வந்துவிட்டார். இளைஞர், நல்ல மாதிரி. கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கினார். அதற்குள் பெண்கள் கரையேறிக் கன்றுப் பைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். ஈரச் சேலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேசிங்கும் ஊர்க்காரர்கள் சிலரும் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமா மேடம்?"

"சார், இங்கே நட முடியாது" என்றேன். "மட்டம் நான் தப்பாகப் பார்த்துட்டேன். நான் நினைச்சதைவிடத் தாழ்வு. தண்ணி அதிக நேரம் நிக்கும். கன்று அழுகிடும்."

அவர் சுருட்டிய கால்சட்டையோடு நின்றார். "மட்டம் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னைக்கா தெரிஞ்சது?"

"இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

"லாரி வந்து நிக்குது மேடம்."

"தெரியும் சார்."

அவர் திட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்: தண்ணீர் வடிந்து வெளியே தெரிந்த திட்டு முழுவதும் புதிதாகக் கலங்கிய சேறு, நூற்றுக்கணக்கான கைத்தடம். தெரிந்தவர் கண்ணுக்கு அது எழுதிவைத்த மாதிரி. அதிகாரிக்குத் தெரியவில்லை. படகின்மேல் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தேசிங்கு எழுந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் வேலையே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மேடம் சொல்றது கரெக்டு சார்" என்றார் தேசிங்கு. "இது தாவு, பள்ளம். இங்க வெச்சா ஒரு வாரத்துல அயுவி நாத்தம் புடிச்சுக்கும். எங்கள கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போம்."

கடைசி வாக்கியம் எனக்கு. அதைச் சொல்லும்போது அவர் கண் அதிகாரியிடம்தான் இருந்தது.

பாதிக் கன்றுகளை அன்றே பாலத்துக்கு மேற்கே கரைமேட்டில் வைத்தோம். மீதி லாரியிலேயே திரும்பியது. பதினைந்து நாள் வேலை என்றது நான்கு நாளில் முடிந்தது. இடம் தப்பியதற்காக நாகம்மா எனக்கு நன்றி சொன்னாள் என்று நினைக்காதீர்கள். "எடமும் இருந்திருக்கணும், கூலியும் வந்திருக்கணும். உனக்கு முன்னாடியே கேக்கத் தெரியல" என்றாள். அது சரியான கணிப்பு. மேலிடத்துக்கு நான் விளக்கக் கடிதம் எழுதினேன். கவனக்குறைவு என்று கோப்பில் பதிவானது. பதிவேட்டில் சிவப்பு மையால் திருத்தியதும் அந்த வாரம்தான். உண்மையில் மட்டம் தாழ்வாகவும் இருந்திருக்கலாம். நான் மறுபடி அளந்து பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் தேசிங்குவிடம் நேராகக் கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா? எங்க நைனா காலத்துலேர்ந்து அவங்க தடவற எடம் அது."

"பிறகு கூட்டத்துல ஏன் எவனும் இல்லைன்னு சொன்னீங்க?"

"எவனும் வல போடலன்னேன். போடல. பொய்யா?" டம்ளரை வைத்தார். "நான் அங்க எயுந்து அது அவங்க எடம்னு சொன்னா எங்க ஆளுங்க வுடுவானுங்களா? எப்ப குடுத்தோம், யாரக் கேட்டுக் குடுத்தன்னு எம்மேல பாய்வானுங்க. பாத்தும் பாக்காத மாரி போய்க்கினு இருந்தோம். அவங்களும் நம்ம வலயத் தொட மாட்டாங்க. நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. நீங்க வந்து தாள விரிச்சுக் கேட்டீங்க பாருங்க, அதான் பேஜாரு."

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கேட்காதே, எழுதாதே என்பது ஒரு பாடமாக வசதியாக இருந்திருக்கும். மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கண்டெய்னர் லாரிகள் நிறுத்த இடம் தேடுகிறார்கள், பாலத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் கழியோரத்தைத் தூர்க்கலாமா என்று ஆய்வு, உங்கள் பதிவேட்டின்படி அந்தத் திட்டு யாருடைய பயன்பாட்டிலும் இல்லை, நடவுக்கும் ஏற்றதல்ல என்று தெரிகிறது, உறுதி செய்யவும். நான் கோடு கிழித்த வரியையும் கோட்டுக்கு மேலிருந்த வரியையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். தவறும் பொய்யும் கைகோத்துக்கொண்டு வந்து நின்றன.

பாத்தும் பாக்காத மாரி இருப்பது தேசிங்குக்கும் நாகம்மாவுக்கும் நடுவில் செல்லும். வெளியிலிருந்து வரைபடத்தோடு வருகிறவனிடம் செல்லாது. அவனுக்கு எழுதாத இடம் காலி இடம். ஆய்வுக்கு வர இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை.

யோசித்ததில் ஒன்று புரிந்தது. அன்று கொட்டகையில் என் கேள்விதான் கோணல். "இது யாருடையது" என்று கேட்டால், ஒருவர் தன்னுடையது என்று சொல்வது இன்னொருவரை இல்லை என்று சொல்வதாகிவிடும். அவரவரிடம் அவரவர் இடத்தை மட்டும் கேட்டால்?

தேசிங்குவிடம் போனேன். "உங்க பாடு எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேட்க மாட்டேன்." சந்தோஷமாகச் சொன்னார். மெல்லிய தாளில் வரைந்தேன். ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். முகத்துவாரத்திலிருந்து பாலம் வரை நான்கு. கோபுரத்துக்கு அப்பால் இரண்டு. நடுவில் வெள்ளை. மூன்று ஆண்டுக்கு முன்பும் அவர் இப்படியேதான் சொல்லியிருந்தார். பாலத்திலிருந்து கோபுரத்துக்கு ஏன் தாவுகிறீர்கள் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. திட்டு அந்தத் தாவலுக்குள்தான் இருந்தது.

பிறகு எதிர்க்கரைக்குப் போனேன். நாகம்மா தண்ணீரில் இருந்தாள். இந்த முறை இறங்கவில்லை. கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறியது. அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் கையைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் வந்தாள். பறியைக் கீழே வைத்தாள். தாடையைத் தேய்த்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு வாய தொறக்காம குந்திகினு கீற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

லாரி நிறுத்துமிடத்தைப் பற்றிச் சொன்னேன். மெல்லிய தாள் இன்னொன்றை எடுத்தேன். "நீங்க கை வைக்கிற இடத்தை மட்டும் காட்டு. ஊர்க்காரங்க பேச்சே வேண்டாம்."

அவள் நீண்ட நேரம் தாளைப் பார்த்தாள். மற்ற பெண்களைக் கூப்பிட்டாள். எனக்குப் புரியாத வேகத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாள். அது மட்டும் புரிந்தது. பிறகு நாகம்மா ஈர விரலால் தாளில் ஒரு வட்டம் போட்டாள். அதன் மேலேயே நான் பேனாவை ஓட்டினேன். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் பிடித்தேன். தேசிங்குவின் வெள்ளைக்குள் அவள் வட்டம் உட்கார்ந்தது. எங்கும் உரசவில்லை.

அவளும் அதைப் பார்த்தாள். "ரெண்டயும் ஒண்ணா ஒட்டிக் குடுக்காத" என்றாள். "தனித்தனியா குடு. சேத்து வெச்சுப் பாக்கறது அவங்க வேல."

ஆய்வு நாள். அதே கரை. வந்தவர் வயதானவர், நிதானமானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படிப்பவர். ஊர்க்காரர்கள் முப்பது பேராவது நின்றார்கள். இருளர்கள் வழக்கம்போல ஓரத்தில். அவர் முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தார்.

முதல் தாளின் வெள்ளையில் விரலை வைத்து, "இது?" என்றார்.

தேசிங்கு சொன்னார்: "அது எங்களுது இல்ல சார்."

"அப்ப யாருது?"

அந்தக் கேள்விதான். கொட்டகையில் நான் கேட்டது. முப்பது பேரும் ஓரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். ஏன் திறக்கவில்லை என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியாது.

நாகம்மா ஓரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள். கையில் பறி இல்லை; அன்று எடுத்து வரவில்லை.

"எங்களுது" என்றாள்.

நான் ஊர்க்காரர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவன் தொண்டையைச் செருமினான். அவன் வாய் திறந்தது. தேசிங்கு அவன் பக்கம் திரும்பாமலே, பீடிக்கு நெருப்புக் கேட்டுக் கையை நீட்டினார். அவன் சட்டைப் பையைத் துழாவத் தொடங்கினான். நெருப்புப் பெட்டி கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அந்தப் பெரியவர் கண்ணாடியை இறக்கி எழுத ஆரம்பித்திருந்தார்.

எப்படி உங்கள் இடம் என்று யாரும் கேட்கவில்லை.

கோப்பு இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அது உங்கள் கைக்கும் வரும். இரண்டு தாள்களும் பச்சைப் பதிவேட்டின் பின் அட்டைக்குள் தனித்தனி உறையில் இருக்கின்றன, ஒட்டிவிடாதீர்கள். பதினேழாம் பக்கத்தை நான் மறுபடி திருத்தவில்லை. அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டு எழுத வேண்டியது உங்கள் வேலை. என்ன எழுதுவது என்பதை நாகம்மாவிடம் கேளுங்கள். காலையில் தண்ணீர் வற்றும் நேரத்துக்குப் போனால் பார்க்கலாம். கரையில் உட்கார ஒரு கல் இருக்கிறது. அவள் ஏறி வரும்வரை அதில் உட்கார்ந்திருங்கள்.